மழைக்கால மலையாற்றில் கயாக்: கோடஞ்சேரிப் பக்கம் முதன்முறை இறங்குவோருக்கு

கூடலூர், பந்தலூர், கோவைப் பக்கத்து ஆட்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள நல்ல ஒயிட்வாட்டர் ஆறுகள், அதாவது கயாக் என்ற சிறு துடுப்புப்படகு ஓட்ட ஏற்ற, நுரைத்துப் பாயும் ஆறுகள், கோழிக்கோடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் கோடஞ்சேரிப் பக்கம் இருக்கின்றன. துஷாரகிரி அருவிகளைத் தாண்டி இறங்கும் சாலிப்புழா ஒன்று. வெள்ளரிமலைச் சரிவிலிருந்து ஆனக்காம்பொயில், அரிப்பாறை வழியாக வரும் இருவஞ்ஞிப்புழா இன்னொன்று. இரண்டின் தண்ணீரும் கடைசியில் சாலியாற்றில்தான் சேருகிறது. 2013-இல் தொடங்கிய மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் கயாக் போட்டிகள் நடப்பது இந்த ஆறுகளில்தான். கூடலூர்க்காரர்கள் நாடுகாணி இறங்கி வழிக்கடவு, நிலம்பூர், அரீக்கோடு, முக்கம் வழியாக வரலாம். கோவையிலிருந்து வந்தால் பாலக்காடு, மண்ணார்க்காடு, பெரிந்தல்மண்ணா, மஞ்சேரி வழி.

ஓட்டும் காலம் ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. மழை விட்டுவிட்டால் இரண்டு மூன்று நாளில் பாறை தலைகாட்டிவிடும். கொட்டித் தீர்த்தால் அதே இடம் இரண்டு மணி நேரத்தில் வேறு ஆறாகிவிடும். பனி உருகி ஓடும் இமயமலை ஆறு போல் காலையில் இவ்வளவு, மாலையில் இவ்வளவு என்று இதற்குக் கணக்குச் சொல்ல முடியாது.

ஆறுகளை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பார்கள். 1 அசையும் தண்ணீர். 6 என்றால் ஓட்ட முடியாதது, அல்லது உயிரைப் பணயம் வைத்து ஓட்டுவது. மலையிடுக்கில் பெரும்பாலும் 4, 4+, 5. ஆனால் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. அகலமான ஆற்றில் 4-ஆம் தர இடம் ஒன்றில் கவிழ்ந்தால் கீழே 100 மீட்டர் அமைதியான தண்ணீர் கிடைக்கும். இடுக்கில் அடுத்த விழுச்சி 10 மீட்டரில் இருக்கும், இருபுறமும் பாறைச் சுவர்.

இடுக்குக்கு முன்னால்

முதல் வேலை குளத்தில். நீச்சல்குளம் இருந்தால் இன்னும் நல்லது. கவிழ்ந்து, தலைகீழாக இருந்தபடியே, படகின் வாயை இடுப்போடு சேர்த்து மூடும் ஸ்ப்ரே டெக்கைக் கழற்றி வெளியே வரப் பழக வேண்டும். உடம்பை முன்னால் மடக்குங்கள், முகம் டெக்குக்குப் பக்கத்தில் இருக்கட்டும். இரு கைகளாலும் படகின் அடிப்பக்கத்தைத் தட்டினால் உதவி தேவை என்று அர்த்தம். பிறகு டெக்கின் முன்னால் தொங்கும் வளையத்தைப் பிடித்து முதலில் முன்னோக்கித் தள்ளி, அப்புறம் மேலே இழுங்கள். நேராகத் தன் பக்கம் இழுத்தால் விளிம்பில் மாட்டிய ரப்பர் கழலாது. புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு, டெக்கைப் பூட்டும்போது அந்த வளையம் உள்ளே மடங்கிவிடுவது. ஒவ்வொரு முறை கரையை விட்டு நகரும் முன்பும் வளையம் வெளியே இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். கண்ணால் பார்த்தால் போதாது.

அடுத்தது ரோல். கவிழ்ந்த படகை இடுப்பால் திருப்பி நிமிர்த்துவது. இது கைபலம் அல்ல. துடுப்பு தண்ணீரில் ஒரு தாங்கல் மட்டும் தரும், படகைத் திருப்புவது இடுப்பும் முழங்காலும். ரோல் தோற்பதற்குப் பெரும்பாலும் காரணம், மூச்சுக்காகத் தலையை முதலில் தூக்குவது. தலை எழுந்தால் இடுப்பு எதிர்ப்பக்கம் போகும், படகு மறுபடி கவிழும். தலை கடைசியாகத்தான் வர வேண்டும். நின்ற தண்ணீரில் இரண்டு பக்கமும் 10-க்கு 9 வந்த பிறகு, ஓடும் தண்ணீரில் எதிர்பாராமல் கவிழும்போது வருகிறதா என்று 2-ஆம், 3-ஆம் தர இடங்களில் சோதியுங்கள். ஒரே மழைக்காலத்தில் குளத்திலிருந்து இடுக்கு வரை போய்விடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 3-ஆம் தர ஆற்றில் நினைத்த எடியில், அதாவது பாறை ஒதுக்கிடத்தில், நினைத்தபோது படகை நிறுத்த முடிகிற வரைக்கும் இடுக்கு உங்களுக்கு இல்லை.

எடி என்பது பாறைக்குப் பின்னால் தண்ணீர் ஓட்டத்துக்கு எதிராக மேல்நோக்கித் திரும்பி வரும் ஒதுக்கிடம். இடுக்கில் கயாக் ஓட்டுவது என்றாலே ஓர் எடியிலிருந்து இன்னோர் எடிக்குப் போவதுதான். எடியிலிருந்து ஓட்டத்துக்குள் நுழையும்போது படகின் மூக்கு ஆறு வரும் திசையை நோக்கிச் சுமார் 45 டிகிரி சாய்வில் இருக்கட்டும். தண்ணீர் வந்து மோதும் பக்கத்து விளிம்பைத் தூக்கிப் பிடியுங்கள். சைக்கிள் வளைவில் உள்பக்கம் சாய்வோமே, அதே போல. அந்த விளிம்பைத் தாழ்த்திவிட்டால் ஓட்டம் டெக்கின் மேல் ஏறி ஒரு நொடியில் கவிழ்த்துவிடும்.

பொருள்கள்

படகு, செங்குத்தான சிற்றாறுகளுக்கென்று செய்த கிரீக் போட்டாக இருக்க வேண்டும். சுமார் 2.4 முதல் 2.75 மீட்டர் நீளம், 280 முதல் 350 லிட்டர் கொள்ளளவு, உருண்ட அடிப்பாகம். விழுச்சிக்குக் கீழே தண்ணீரில் மூழ்கினாலும் சட்டென்று மேலே வரத்தான் இவ்வளவு கொள்ளளவு. காலுக்குப் பெடல் வைத்த படகு வேண்டாம். மூக்கு பாறையில் குத்தி நிற்கும்போது கால் பெடலைத் தாண்டி முன்னால் போய்ச் சிக்கும். முழுப் பாதமும் பதியும் பலகைத் தடுப்பு இருக்க வேண்டும், அதற்கும் பாதத்துக்கும் நடுவில் ஃபோம். இடுப்பின் இரு பக்கமும் ஃபோம் வைத்து இறுக்குங்கள். நீங்கள் சாய்ந்தால் படகும் சாய வேண்டும். பின்பக்க வெற்றிடத்தில் காற்றுப்பைகள் முழுதாக ஊதியிருக்கட்டும். பை இல்லாத படகில் தண்ணீர் நிறைந்தால் 300 கிலோவுக்கு மேல் கனக்கும், நாலு பேர் சேர்ந்தாலும் இழுக்க முடியாது. வடிகால் மூடியை மாட்ட மறப்பது இன்னொரு தொல்லை. படகு மெல்ல மெல்லக் கனத்துத் திரும்ப மறுக்கும், காரணம் மூன்றாவது விழுச்சியில்தான் தெரியவரும்.

துடுப்பு 194 முதல் 200 செ.மீ. நாலு பேருக்கு ஒரு மாற்றுத் துடுப்பு, இரண்டாகக் கழற்றும் வகை. காதையும் பின்மண்டையையும் மூடும் ஹெல்மெட். 70 நியூட்டனுக்குக் குறையாத மிதவை கொண்ட, சட்டென்று கழற்றும் பட்டை உள்ள மீட்பு ஜாக்கெட். டூரிஸ்ட் படகில் தரும் ஆரஞ்சுச் சட்டை இதற்கு ஆகாது. ஆளுக்கொரு கயிற்றுப்பை, 15 முதல் 20 மீட்டர் மிதக்கும் கயிறு. விசில், மடக்காத சின்னக் கத்தி, குழுவுக்கு நாலைந்து கேரபைனர் (பூட்டும் கொக்கி வளையம்), இரண்டு புல்லி, சுருக்குக் கயிறுகள். அடிப்பாகம் பிடிப்பான, கணுக்காலை மூடும் ஷூ. செருப்பு வேண்டவே வேண்டாம். பருத்தி பனியன், ஜீன்ஸ் ஈரத்தை விடாது. தண்ணீர் குளிர்ச்சியாக இல்லை என்று தோன்றினாலும் மூன்று மணி நேர மழையில் கை நடுங்க ஆரம்பிக்கும், ரோல் முதலில் கெடுவது அப்போதுதான்.

ஊர்ப் பேச்சைப் புரிந்துகொள்ளுங்கள்

ஆற்றோரப் பாக்குத் தோட்டக்காரரை விட நல்ல நீர்மானி கிடையாது. ஆனால் தமிழ்க் காதோடு கேட்டால் தவறாகப் புரியும். "சேட்டா, இன்னு வெள்ளம் எங்ஙனே?" (அண்ணா, இன்றைக்குத் தண்ணீர் எப்படி?) என்று கேட்டு, அவர் "வெள்ளம் குறவாணு" என்றால் தண்ணீர் குறைவு என்றுதான் அர்த்தம். மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர், நம்ம ஊர் வெள்ளம் அல்ல. பயப்பட வேண்டிய சொல் "மலவெள்ளம்". மேலே மலையில் பெய்த மழை ஒரே சுவராக இறங்குவது அது. அந்தச் சொல்லைக் கேட்டதும் படகை விட்டுவிட்டுக் கரை ஏறுங்கள். "ஒழுக்கு" என்றால் நீரோட்டம். "உருள்பொட்டல்" நிலச்சரிவு. "தடயண" தடுப்பணை. "கயம்" நாம் கசம், மடு என்று சொல்வது. புலிக்கயம், பதங்கயம் என்று ஊர்ப் பெயரிலேயே கயம் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். மேலே தண்ணீர் அசையாமல் கண்ணாடி மாதிரி இருக்கும், அடியில் பாறைக் குழிகள். பதங்கயத்தில் குளிக்க இறங்கிப் போனவர்களைப் பற்றி அந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

"கடவு" என்று முடியும் இடம் கரை ஏற வசதியான இடம். இலந்துகடவு மாதிரி. வெளியேறும் இடத்தைத் தேடும்போது முதலில் கடவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போகும் நாளைத் தேர்வது

வானிலைத் துறை எச்சரிக்கையில் மஞ்சள் என்றால் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. மழை, ஆரஞ்சு 115.6 முதல் 204.4, சிவப்பு அதற்கும் மேல். கோழிக்கோட்டுக்கு மட்டும் பார்த்தால் போதாது, வயநாட்டுக்கும் பாருங்கள். மழை பெய்வது உச்சியில், அடிபடுவது நீங்கள். 2024 ஜூலை 30 அதிகாலை முண்டக்கை, சூரல்மலையை அழித்த நிலச்சரிவு இந்த மலைகளின் மறுசரிவில்தான் இறங்கியது. ஆரஞ்சு நாளில் இடுக்கு வேண்டாம். மஞ்சள் நாளில் போகலாமா என்பதை முந்தைய மூன்று நாள் மழை சொல்லும். ஊறிப்போன மண் ஒரு சொட்டையும் குடிக்காது, அத்தனையும் ஆற்றுக்கு வரும்.

ஆற்றங்கரையில் அளவு எடுப்பது எளிது. 10 மீட்டர் தூரத்தை அளந்து ஒரு காய்ந்த குச்சியைப் போடுங்கள். 5 நொடியில் கடந்தால் வேகம் நொடிக்கு 2 மீட்டர். அகலம் 8, சராசரி ஆழம் 1 மீட்டர் என்றால் 8 × 1 × 2 = 16. மேல்மட்டத் தண்ணீர் அடித் தண்ணீரை விட வேகம் என்பதால் 0.85-ஆல் பெருக்குங்கள். நொடிக்கு ஏறத்தாழ 13.6 கனமீட்டர், அதாவது பதின்மூன்றரை டன் தண்ணீர். வேகம் இரட்டித்தால் பாறையில் அழுத்தும் விசை நாலு மடங்காகும் என்பதால்தான் அரையடி உயர்வு கூட ஆற்றை முழுக்க மாற்றிவிடுகிறது. இறங்கும் இடத்தில் ஒரு பாறையில் நீர்மட்டத்தைக் கரித்துண்டால் கோடு போட்டு வைத்து, 20 நிமிடம் கழித்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள். ஆற்றில் இருக்கும்போது தண்ணீர் சாயா நிறத்துக்கு மாறினாலோ, பச்சை இலையும் சுள்ளியும் கூட்டமாக வந்தாலோ, இரைச்சல் கனத்தாலோ மட்டம் ஏறுகிறது என்று பொருள்.

சரிவை வரைபடத்தில் பாருங்கள். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 படத்தில் 2 செ.மீ. என்பது 1 கி.மீ. உயரக்கோடுகளின் இடைவெளி 20 மீட்டர் என்றால், அந்த 2 செ.மீ.-க்குள் ஆற்றை மூன்று கோடு வெட்டினால் கிலோமீட்டருக்கு 60 மீட்டர் இறக்கம். 20-க்கு மேல் போனாலே செங்குத்து ஆறுதான். ஆனால் சராசரி பொய் சொல்லும். அந்த 60 சீராகவும் இறங்கலாம், ஒரே அருவியாகவும் விழலாம். எனவே முதல் முறை போகிற பகுதியை முந்தின நாளே கரையோரமாக நடந்து பாருங்கள். காப்புக்காட்டுக்குள் வரும் பகுதிக்கு வனத்துறை அனுமதி வேண்டும். தோட்டம் வழியாக இறங்கினால் உடமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர்தான் ஆபத்தில் ஜீப் கொண்டுவரப் போகிறவர்.

ஆற்றுக்குள்

குழு மூன்று பேருக்குக் குறையக் கூடாது, நாலு நல்லது. ஒருவர் சிக்கினால் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் உதவிக்கு ஓட வேண்டும். சைகையை இறங்கும் முன்பே பேசி வையுங்கள். துடுப்பைச் செங்குத்தாகத் தூக்கினால் வா. குறுக்காகத் தூக்கினால் நில். சாய்த்துக் காட்டினால் அந்தப் பக்கமாக வா. ஆபத்து இருக்கும் பக்கத்தை எப்போதும் காட்டாதீர்கள், போக வேண்டிய பக்கத்தை மட்டும் காட்டுங்கள். விசில் ஒன்று என்றால் இங்கே பார், மூன்று என்றால் ஆபத்து.

ஓடுவது ஒருவர் பின் ஒருவராக. முன்னால் போனவர் எடியில் நின்று கை காட்டிய பிறகே அடுத்தவர். விதி ஒன்றே ஒன்று: இருக்கும் எடியிலிருந்து அடுத்த எடி கண்ணில் பட வேண்டும். படவில்லை என்றால், முன்னால் தண்ணீர் ஒரு நேர்கோடாக முடிந்து அதற்கப்பால் மரத்தின் நுனிகள் மட்டும் தெரிகிறது என்றால், படகை விட்டு இறங்கி நடந்து பாருங்கள். எத்தனை முறை ஓட்டிய ஆறாக இருந்தாலும் இதுதான். போன வாரம் இல்லாத மரம் இன்றைக்குக் குறுக்கே கிடக்கும். பாக்குமரமும் மூங்கில் புதரும் மழையில் சாய்ந்து ஆற்றுக்குள் கிடப்பது இங்கே வாடிக்கை.

நடந்து பார்ப்பதைக் கீழிருந்து தொடங்குங்கள். முதலில், கவிழ்ந்து நீந்தினால் உடம்பு எங்கே போகும் என்று பாருங்கள். கீழே அமைதியான மடுவா, அடுத்த விழுச்சியா, மரமா? அங்கே கயிறு எறிய ஆள் நிற்க இடம் உண்டா? அதற்கு நல்ல பதில் கிடைத்த பிறகே மேலே ஏறி வழியைப் பாருங்கள்.

விழுச்சிக்கு அடியில் தண்ணீர் உள்ளே பாய்ந்து, மேல்மட்டம் திரும்ப அருவியை நோக்கி ஓடும். அதுதான் ஹோல். நுரை எங்கே இரண்டாகப் பிரிந்து பாதி மேல்நோக்கியும் பாதி கீழ்நோக்கியும் போகிறது என்று பாருங்கள். அந்தக் கோடு அருவியிலிருந்து தூரமாக இருக்க இருக்க ஹோல் கொடியது. ஹோலின் இரு முனைகளும் கீழ்நோக்கி வளைந்திருந்தால் பக்கவாட்டில் தப்பிக்கலாம். மேல்நோக்கி வளைந்தால் ஓரத்துக்குப் போனாலும் நடுவுக்கே கொண்டுவந்து போடும். தடுப்பணைக்குக் கீழே கரைக்குக் கரை ஒரே நேர்கோடு, முனையே கிடையாது. அது ஓரடி உயரமாக இருந்தாலும் தூக்கிக்கொண்டு நடங்கள்.

சந்தேகம் இருந்தால் தேங்காய் மட்டை ஒன்றை மேலிருந்து எறியுங்கள். பாதி முங்கி மிதப்பதால் அது நீந்தும் ஆள் போகிற வழியில்தான் போகும். ஹோலில் 10 நொடிக்கு மேல் உருண்டால் நீங்களும் உருளுவீர்கள். பாறை இடுக்குக்குள் போய் வெளியே வரவே இல்லை என்றால் அடியில் தண்ணீர் மட்டும் வடியும் சந்து இருக்கிறது. அந்த இடத்தைப் பற்றி விவாதிக்க ஒன்றுமில்லை. அருவிக்கடியில் அலை மோதித் தெறிக்காமல் தண்ணீர் சத்தமில்லாமல் பாறைக்குள் நுழைந்தால் பாறை அடியில் குடைந்திருக்கிறது என்று கொள்ளுங்கள்.

வழி முடிவானதும் அடையாளங்களை மனதில் வையுங்கள். பிறகு குனிந்து உட்கார்ந்து, படகில் கண் இருக்கும் உயரத்தில், தண்ணீரிலிருந்து முக்கால் மீட்டரில், அதே அடையாளங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். கரையில் நின்றபோது பளிச்சென்று தெரிந்த பாறை பெரும்பாலும் படகிலிருந்து தெரியாது. பாசி படர்ந்த கரும்பாறை, ஓரத்து வாழைமரம் என்று தலைக்கு மேல் நிற்பதைத் தேர்ந்தெடுங்கள்.

விழுச்சியில் மூக்கு உள்ளே போகாமல் தட்டையாக இறங்குவதற்குப் பூஃப் என்று பெயர். உச்சியை நெருங்கும்போது வேகம் வேண்டும். பாதம் விளிம்பைக் கடக்கும் கணத்தில் துடுப்பை விளிம்பிலேயே செங்குத்தாக ஊன்றி இடுப்பு வரை இழுங்கள், அதே நேரத்தில் முழங்காலைத் தூக்குங்கள். இறங்கும்போது உடம்பு முன்னால் மடங்கியிருக்கட்டும். சீக்கிரம் இழுத்தால் விளிம்புக்கு முன்பே தள்ளல் தீர்ந்து மூக்கு கவிழும். தாமதித்தால் மூக்கு ஏற்கெனவே கீழே. அடியில் ஆழம் இல்லாமல் மூக்கு குத்தினால் முதலில் உடைவது கணுக்கால். ஐந்து மீட்டருக்கு மேற்பட்ட விழுச்சியில் நுரையற்ற பச்சைத் தண்ணீரில் தட்டையாக விழுந்தால் முதுகெலும்பு நசுங்கலாம். அங்கே கொஞ்சம் மூக்கு சாய்ந்து போவதே சரி.

கெடும்போது

படகு குறுக்காகப் பாறையில் மோதினால் பாறைப் பக்கம் சாயுங்கள், அதைக் கட்டிக்கொள்ளுங்கள். உடம்பு எதிர்ப்பக்கம் விலகத்தான் சொல்லும். விலகினால் மேல்பக்க டெக்கில் தண்ணீர் ஏறிப் படகைப் பாறையில் சுற்றி மடக்கிவிடும்.

படகை விட்டு வெளியே வந்துவிட்டால் காலை முன்னால் நீட்டி மல்லாந்து, பாதம் தண்ணீர் மட்டத்தில் இருக்கும்படி மிதங்கள். முழங்காலுக்கு மேல் ஆழமுள்ள ஓட்டத்தில் எழுந்து நிற்காதீர்கள். பாதம் இரு கல்லுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் ஓட்டம் முகத்தை அடியில் அழுத்தும். இடுப்பளவுத் தண்ணீர் போதும். எடி தெரிந்ததும் குப்புறத் திரும்பி முழுவேகத்தில் நீந்துங்கள். முன்னால் மரம் குறுக்கே கிடந்து தப்பவே முடியாது என்றால் மட்டும் இதற்கு நேர்மாறு: தலை முன்னால், மரத்தை நோக்கி வேகமாக நீந்தி அதன்மேல் ஏறிவிட வேண்டும். கால் முதலில் போனால் கிளைக்கடியில் இழுபட்டுவிடும்.

கயிறு எறிபவர் உட்கார்ந்து, காலைப் பாறையில் முட்டுக்கொடுத்து எறிய வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றவோ இடுப்பில் கட்டவோ கூடாது. "கயிறு!" என்று கத்தி, கண்ணில் பட்ட பிறகு, தலைக்குக் குறுக்கே விழும்படி எறியுங்கள். பிடித்தவர் பையை அல்ல, கயிற்றைப் பிடித்துத் தோளுக்கு மேல் எடுத்து, கயிற்றுக்கு முதுகைக் காட்டி மல்லாந்து கிடந்தால் மூக்கில் தண்ணீர் ஏறாது. ஊசல் மாதிரி அவர் கீழே ஒரு கரையில்தான் வந்து ஒட்டுவார். அந்த இடம் எடியா, மரமா என்பதை எறியும் முன்பே பார்த்திருக்க வேண்டும். முதலில் ஆள், படகும் துடுப்பும் அப்புறம்தான்.

இடுக்குக்குள் கைபேசி பெரும்பாலும் எடுக்காது. எத்தனை மணிக்குக் கரை ஏறுவோம், ஏறாவிட்டால் எப்போது 112-க்கோ தீயணைப்பின் 101-க்கோ சொல்ல வேண்டும் என்று ஜீப்காரரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள். மழைக்கால இடுக்கில் நாலரை மணிக்கே இருட்டத் தொடங்கும், இரண்டரைக்குள் வெளியே வரும்படி திட்டமிடுங்கள்.

கரை ஏறியதும் தலையை எண்ணுங்கள். வடிகால் மூடியைத் திறந்துவிட்டுக் கயிறுகளைப் பையிலிருந்து உருவி நிழலில் உலர்த்துங்கள், ஈரத்தோடு திணித்த கயிறு அடுத்த முறை சிக்கும். அட்டை கடித்த இடத்தையும் சிராய்ப்பையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். மழைக்கால ஆற்றுத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் பயம் உண்டு. போகும் முன்பே டாக்ஸிசைக்ளின் மாத்திரை வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்காமல், ஆற்றில் இறங்கியிருந்தேன் என்பதையே முதல் வார்த்தையாக மருத்துவரிடம் சொல்லுங்கள்.